மொட்டைக் கழுத்துக் கோழிகள்

நெரெய்தா தன் வெள்ளைக் கோழிகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்று எங்கள் தெருவே அவள் வாசலில் கூடிவிட்டது. பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிற போசோ நுவேவோவில் வேடிக்கை பார்க்க வேறு என்ன இருக்கிறது?

திராட்சைத் தோட்டங்களில் குனிந்து நிமிர்ந்தே அவளுடைய முழங்கால்கள் போய்விட்டன. புருஷன் எல்லை தாண்டிப் போனவன், போனதோடு சரி. "இனிமே அடுத்தவன் கொடியைக் கத்தரிச்சு விட மாட்டேன். என் கொல்லையிலயே பொழச்சுக்குவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு, எர்மோசியோ நகரத்துப் பண்ணை ஒன்றில் இந்தச் சாதிக் கோழிகளை வாங்கி வந்துவிட்டாள். ஒவ்வொன்றும் பஞ்சுப்பொதி மாதிரி இருந்தது. கால்விரல் வரைக்கும் இறகு. சேவலோ, கூண்டைத் திறந்ததும் இறங்காமல் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைத்தது. அப்போதே அதற்குச் சக்கரவர்த்தி என்று பேர் விழுந்துவிட்டது.

"இதோட குஞ்சுக்கு ஊர் ஊரா வந்து நிப்பாங்க பாரு எலோதியா" என்றாள் என்னிடம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் கோதுமை ரொட்டி விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவளும் கடை போடுவதாக ஏற்பாடு.

பக்கத்து வீட்டு சாத்துர்னினோ வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் கோழிகளும்தான். அவருடைய கோழிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. எந்த ஊர், எந்தச் சாதி என்று யாருக்கும் தெரியாத கலப்பு. சேவல் இன்னும் மோசம். கழுத்தில் ஓர் இறகு இல்லை. வெயிலில் சிவந்துபோன தோல் மட்டும். யாரோ பாதி உரித்துவிட்டு, வேலை வந்ததால் விட்டுப்போன கோழி மாதிரி இருக்கும். அதை அவர் மொட்டையன் என்று கூப்பிடுவார். கூப்பிட்டால் வரும்.

"கம்பளிக் கோட்டு போட்டு வந்திருக்காரே உங்க ராசா. ஜூலை மாசம் இங்க எப்படி இருக்கும்னு யாராச்சும் சொன்னீங்களா அவருகிட்ட?" என்றார் சாத்துர்னினோ.

"உங்க சேவலுக்கு முதல்ல ஒரு சட்டை தைச்சுப் போடுங்க தோன் சாத்துர். பாக்கவே கூசுது" என்றாள் நெரெய்தா. வயதில் பெரியவர்களை நாங்கள் தோன் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

சிரிப்பு குஞ்சு பொரிக்கும் வரைக்கும்தான். இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே இருந்தது முள்கழிகளை நட்டு எழுப்பிய வேலி. காலப்போக்கில் கழிகள் சாய்ந்து, கோழி நுழையும் அளவுக்குச் சந்துகள் விழுந்திருந்தன. நெரெய்தா முதல் முட்டைகளை அடை வைத்து, விரதம் இருப்பவள் போலக் காத்திருந்தாள். ஏப்ரலில் குஞ்சு வெளியே வந்தது. முதல் குஞ்சு ஈரம் காய்ந்து தலையைத் தூக்கியபோது அதன் கழுத்து மொட்டை. இரண்டாவதும் மொட்டை. இறகோடு வந்த சில போக, முக்கால்வாசிக்கு மேல் அப்படித்தான். தாய் கொடுத்த இறகு காலில் இருந்தது. அப்பன் கொடுக்காத இறகு கழுத்தில் இல்லை. தொண்டைக்கு நேரே மட்டும், கல்யாண மாப்பிள்ளை கட்டுகிற வில் டை மாதிரி ஒரு கொத்து.

அவள் அந்தக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றாள்.

"உங்க சேவலோட புள்ளைங்க. நீங்களே வளத்துக்குங்க."

சாத்துர்னினோ பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சாக்ஸ் போட்டுக்கிட்டு சட்டையை மறந்துட்டு வந்திருக்கே ஒவ்வொண்ணும்!"

"சிரிக்காதீங்க. சந்தையில நல்ல சாதின்னு சொல்லி வச்சிருக்கேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினா என் மூஞ்சியில துப்புவாங்க."

"நான் என்னம்மா செய்யறது? உங்க பொண்ணுங்களுக்கு அவனைப் புடிச்சிருந்துது. உங்க சக்கரவர்த்தி நிழல்ல படுத்துக் கெடந்தா பொம்பளைங்க எவ்வளவு நாள் பொறுப்பாங்க?"

இதைத் தெருவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அது போதாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய துணி விற்பவன்கூட அவளிடம் சக்கரவர்த்தியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். நெரெய்தாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சாத்துர்னினோவோடு பேச்சை நிறுத்தினாள். வேலியின் சந்துகளைத் தகரம் வைத்து அடைத்தாள். பெட்டியை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் திட்டிக்கொண்டே அந்தக் குஞ்சுகளை எடுத்து வளர்த்தார்.

அந்த வருஷம் வெயில் ஜூன் முடியும் முன்பே முற்றிவிட்டது. ஜூலையில் ஒரு நாள் நாற்பத்தெட்டு டிகிரி ஏறியது. மத்தியானம் மின்சாரமும் போயிற்று. வீட்டுக்குள் கூலர் நின்றதும் சுவர்கள் அடுப்பாகிவிட்டன. நாங்கள் எல்லாம் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு மெஸ்கீத் மர நிழலுக்கு வந்து உட்கார்ந்தோம். நான் நெரெய்தாவின் கொல்லைக்குப் போனேன், அவளுக்கு ஒத்தாசையாக.

அவளுடைய கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. ஏற்கனவே மூன்று போய்விட்டன. சக்கரவர்த்தியை அவள் துணி துவைக்கும் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். அதன் கொண்டை வெளுத்து நீலம் பாரித்திருந்தது.

"மூச்சு விடு ராசா. சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடி, போதும்" என்று அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்துக் கொல்லையிலிருந்து சத்தம் வந்தது. பருந்தைக் கண்டால் கோழி போடுகிற சத்தம் இல்லை. விடாமல், அத்தனை கோழியும் சேர்ந்து முறையிடுகிற மாதிரி ஒரு சத்தம்.

நெரெய்தா காதைத் தீட்டிக்கொண்டாள். "தண்ணி கேக்குதுங்க. இந்நேரம் கெழவர் கிண்ணத்தை நிரப்பியிருப்பாரே. ஒருநாளும் தவற மாட்டாரே."

"தூங்கியிருப்பார்."

"இந்தச் சூட்டுலயா?"

அவள் சக்கரவர்த்தியைப் பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள். தண்ணீரிலிருந்து சேவலைத் தூக்கி நனைந்த சாக்கின் மேல் நிழலில் வைத்துவிட்டு, தான் அடித்த தகரத்தைத் தானே பிடுங்கி எறிந்து, முள் கிழிக்க அந்தப்புறம் போனாள். முழங்கால் வலிக்காரி ஓடியதை அன்றுதான் பார்த்தேன். நானும் பின்னால் போனேன்.

சாத்துர்னினோ குழாய்க்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குவளை கவிழ்ந்து கிடந்தது. கோழிகள் அவரைச் சுற்றிக் காய்ந்த கிண்ணங்களைக் கொத்திக்கொண்டிருந்தன. மொட்டையன் அவர் காலருகில் நின்றது. அவர் தோல் நெருப்பாகச் சுட்டது; ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"சிக்னலைப் போடு. சரக்கு வண்டி வருது. அந்த அம்மாவைத் தண்டவாளத்த விட்டு இறங்கச் சொல்லு" என்றார் என்னைப் பார்த்து.

"வண்டி போயிடுச்சு தோன் சாத்துர். இறங்கிட்டாங்க எல்லாரும்" என்றாள் நெரெய்தா. "எலோதியா, கால் பக்கம் புடி."

ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்து மரத்தடிக்குக் கொண்டுவந்தோம். நான் குழாயைத் திறந்தேன்; மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது, கையை வைக்க முடியவில்லை. கோழிகளுக்கு என்று அவர் மரத்தடியில் பாதி புதைத்து, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பீப்பாய்தான் எங்களைக் காப்பாற்றியது. அதிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினோம். நனைத்த சாக்கைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். தீவன அட்டையால் நெரெய்தா விசிறிக்கொண்டே இருந்தாள். சிந்திய தண்ணீரைக் கோழிகள் எங்கள் காலடியில் குடித்தன.

"இன்னிக்குச் சாகக் கூடாது நீங்க" என்று அவரை அதட்டினாள். "ஏப்ரல்லேருந்து உங்களைத் திட்டாம எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன். எல்லாம் பாக்கி இருக்கு."

என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துவந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது சாத்துர்னினோ கண்ணைத் திறந்து, "கிண்ணம் காலியா இருக்கு" என்றார். ரயில் அவரை விட்டுப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது சக்கரவர்த்தி செத்துக் கிடந்தது. நெரெய்தா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்து ஒட்டிப்போயிருந்த இறகுகளைத் தடவிச் சரிசெய்தாள். அழவில்லை. "நான் விட்டுட்டுப் போயிட்டேனேன்னு நெனச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். பள்ளம் தோண்ட மண்வெட்டியை எடுத்து வந்தேன்.

சாத்துர்னினோ பிழைத்துக்கொண்டார். ஆனால் மகள் கிரிசெல்தா திஹுவானா நகரத்திலிருந்து வந்து அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது நெரெய்தாவிடம் சாவியைக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க இல்லேன்னா அப்பா இல்ல. இந்தக் கோழியெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க, இல்ல வித்துடுங்க. அவர் இனிமே இங்க வரப்போறதில்ல."

நெரெய்தா சாவியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வைக்கப் போனவள் வெகு நேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, தான் துரத்திவிட்ட குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பாதி வளர்ந்து, தாய்மாரின் அகலமான முதுகும் அப்பனின் மொட்டைக் கழுத்துமாகத் திரிந்தன. அந்த நாற்பத்தெட்டு டிகிரி வெயில் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவளுடைய கொல்லையில் பாதிக் கோழிகள் போயிருந்தன.

"எம் பொண்ணுங்க பெத்ததுதான் இதெல்லாம்" என்றாள். "நானே பெட்டியில போட்டுக் கொண்டாந்து விட்டேன்."

அன்றைக்கே வேலியில் ஆள் போகிற அளவுக்கு ஒரு வழி திறந்தாள். மிச்சமிருந்த வெள்ளைப் பெட்டைகளும் மொட்டையனும் ஒரே கொல்லைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

சாத்துர்னினோ வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்வார். மகளிடமிருந்து மறைத்துக் குளியலறையிலிருந்து பேசுவார் போல, குரல் எதிரொலிக்கும்.

"சிவப்புப் பெட்டைய அடை வச்சியா?"

"இல்ல. வெள்ளையைத்தான் வச்சேன்."

"ஏம்மா! அது பாறாங்கல்லு. முட்டைமேல உக்காந்தா நொறுங்கிடும்."

"உங்க சிவப்பு பாதியில எந்திரிச்சு ஊர் சுத்தப் போயிடுது. எது பொறுமையா உக்காரும்னு எனக்குத் தெரியும்."

"மொட்டையனைக் கூப்பிடு, பேசறேன்."

அவள் போனைச் சேவலின் முன்னால் நீட்டுவாள். அது போனைக் கொத்தும். "நல்லா இருக்கான்" என்பார் அவர் திருப்தியாக.

ஒருநாள் வேறு மாதிரி பேசினார். "இங்க ஆறாவது மாடியில கெடக்கேன் நெரெய்தா. ஜன்னலைத் தொறந்தா எதிர்க்க இன்னொரு ஜன்னல். எம் பொண்ணு தங்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா காலையில எந்திரிச்சா என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல."

அன்று சாயங்காலம் அவள் அவர் வீட்டைத் திறந்து, முழுக்கப் பெருக்கிவிட்டு வந்தாள்.

நவம்பரில் கிரிசெல்தா அப்பாவோடு காரில் வந்து இறங்கினாள். வீட்டைப் பூட்டி, சாமான்களை யாருக்காவது கொடுத்துவிட்டு, நிரந்தரமாகக் கூட்டிப்போவதற்கு. சாத்துர்னினோ இளைத்திருந்தார். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே கொல்லைக்குப் போனார். ஏப்ரல் குஞ்சுகள் இப்போது பெருத்த பெட்டைகளாகி முட்டையிட ஆரம்பித்திருந்தன. அவர் ஒன்றைப் பிடித்து, கையில் எடை பார்த்து, வயிற்றுக்கடியில் விரல் வைத்துப் பார்த்து, கீழே விட்டார்.

"இது எங்க கெடைச்சுது உனக்கு?" என்று கேட்டார், தெரியாதவர் போல.

"உங்க வாசல்ல கெடந்துது" என்றாள் நெரெய்தா.

மகள் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அப்பா, பாத்தாச்சில்ல? வாங்க, சாமானைப் பிரிக்கணும்."

"கிரிசெல்தா, கொஞ்சம் உக்காரு" என்றாள் நெரெய்தா. "காப்பி போடறேன்."

காப்பி வந்தது, நான் ரொட்டியும் உலர்ந்த மாட்டிறைச்சி வதக்கியதும் கொண்டுபோனேன். நெரெய்தா சந்தையில் உட்காருகிற தோரணையில், முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவைக் கொன்னது வெயிலு. கொல்லப் பாத்தது, சரி. வெயில் இங்க எத்தன மாசம்?"

"எல்லா மாசமும்தான்."

"பொய் சொல்லாத. நீ பொறந்து வளந்த ஊரு. இப்ப பாரு, சால்வை போத்திக்கிட்டிருக்க. ஜூன்லேருந்து செப்டம்பர் முடிய நீ வச்சுக்க. மிச்சம் எங்களுக்கு."

"என்ன அக்கா, ஆட்டுக்குட்டி பேரம் மாதிரி பேசறீங்க? தனியா இருக்காரு. ராத்திரி விழுந்தா யாரு பாப்பா?"

"வேலியில வழி விட்டிருக்கேன், பாத்தியா? காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் நான் அந்தப் பக்கம் போயே ஆகணும். எனக்குக் கோழி இருக்கு. உங்கப்பா மேல பரிதாபப்பட்டுப் போறேன்னு நெனைக்காத. எனக்கு அந்தச் சேவல் வேணும். சேவல் அவர் சொன்னாத்தான் கேக்குது. நேராச் சொல்லிட்டேன்."

"மே மாசமே சூடு ஆரம்பிச்சுடும்" என்றாள் கிரிசெல்தா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மே நடுவுலேருந்து எடுத்துக்க."

"அக்டோபர் முதல் வாரம் வரைக்கும்."

"சரி."

சாத்துர்னினோ ரொட்டியை வாயருகில் வைத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், காலைக் கட்டித் தலைகீழாத் தூக்கிப் பாத்துட்டு வெலை பேசுங்களேன். எடை கொறஞ்சிருக்கேன், ஏமாந்துடாதீங்க."

கிரிசெல்தா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "போன் வந்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுப்பா" என்றாள். அவர் எழுந்துபோய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நெரெய்தா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் பிரித்த சாமான்கள் திரும்பவும் உள்ளே போயின.

அந்தக் குளிர்காலச் சந்தைகளை நான் மறக்க மாட்டேன். இருவரும் ஒரே பழைய கட்டில் பலகையில் கூண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாங்க வந்தவர்களை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போடுவார்கள்.

"இது என்ன சாதி?" என்று யாராவது கேட்டால், "கலப்பு" என்பார் அவர். அதே மூச்சில் அவள், "பாலைவனத்துச் சாதி" என்பாள்.

முதலில் ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். பிறகு பண்ணை வீட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த ஜூலை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து ரெஃபுகியோ என்று ஒருத்தி, வெயிலில் அத்தனை கோழியையும் பறிகொடுத்தவள், ஒரு பெரிய சுருள் நிழல்வலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இறால் பண்ணையில் மிச்சமானதாம். நேரே கூண்டில் இருந்ததிலேயே நல்ல பெட்டையைக் காட்டினாள்.

"இந்த வலைக்கு, அதோட இன்னும் ரெண்டும், ஒரு சேவலும்."

"அந்தப் பெட்டை விக்கறதுக்கில்ல" என்றார் சாத்துர்னினோ. "வீட்டுல இருக்கிறதுலயே நல்லா முட்டை போடுது அது. அதை யாராவது குடுப்பாங்களா?"

"நல்லதைக் குடுத்தாத்தான் மறுபடியும் வருவா" என்றாள் நெரெய்தா.

"மறுபடியும் வந்தா குடுக்க என்ன இருக்கும் நம்மகிட்ட?"

ரெஃபுகியோ வலையைத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "நீங்க புருஷன் பொஞ்சாதி பேசி முடிங்க. நான் இருக்கேன்."

"புருஷனா? இவரா?" என்று நெரெய்தா போட்ட கூச்சலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. சாத்துர்னினோ சிரிக்கிற சிரிப்பில், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூச்சு இல்லை; அதற்குள் பெட்டை ரெஃபுகியோவின் கூடைக்குப் போய்விட்டது.

அந்த வலையை இரண்டு கொல்லைகளின் மேலும் சேர்த்துக் கட்டினோம். மே மாதம் நடுவில், பேசினபடி, கிரிசெல்தா வந்தாள். இந்தத் தடவை சாத்துர்னினோ ஒரு பையும் தொப்பியுமாகத் தானே காரில் ஏறி உட்கார்ந்தார்.

அந்தக் கோடையும் லேசாக இல்லை. வயதான வெள்ளைப் பெட்டைகள் இரண்டு போயின. நெரெய்தா அவற்றைச் சக்கரவர்த்திக்குப் பக்கத்தில் புதைத்தாள். மற்றவை மத்தியானம் முழுக்க வலை நிழலில் இறக்கையை விரித்து, வாய் திறந்து நின்றன. சாயங்காலம் தீவனத் தட்டைத் தட்டியதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. ஆகஸ்டில் மழை வந்தது. மண் குளிர்ந்ததும் நெரெய்தா அடுத்த முட்டைகளை அடை வைத்தாள். மூன்று வாரம் கழித்து, கடற்கரை ரெஃபுகியோ தன் இரண்டு மதினிமார்களையும் கூட்டிக்கொண்டு வந்து, குஞ்சு பொரிக்கும் முன்பே எது யாருக்கு என்று அங்கேயே அடித்துக்கொண்டாள்.

"இப்பவே சண்டை போடாதீங்க" என்று நெரெய்தா அடைக்கோழியை லேசாகத் தூக்கி, அடியில் கைவிட்டு, ஒரு முட்டையை எடுத்து அவர்கள் காதில் வைத்தாள். ஒவ்வொருத்தியும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். உள்ளே குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது.